மாஸ்டரின் கால் எங்கே இருக்கிறது?

காரைக்குடியில் கார் பழக வேண்டும் என்று வீட்டில் பேச்செடுத்தால் உடனே ஒரு டிரைவிங் ஸ்கூல் பெயர் வரும். அடுத்து, "அங்க கேக்குறதவிட இங்க ஐந்நூறு கம்மி" என்று ஒரு கணக்கு வரும். பக்கத்து சீட்டில் உட்காரப்போகிறவர் யார் என்று கேட்பவர்கள் அபூர்வம். ஒரே ஸ்கூலில் இரண்டு மாஸ்டர்கள் இருப்பார்கள். ஒருவரிடம் பழகியவர் லைசென்ஸ் வந்த மறுவாரமே தேவகோட்டைக்குத் தனியாகப் போய்வருவார். இன்னொருவரிடம் பழகியவர் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் கழித்தும் ஷெட்டிலிருந்து வண்டியை எடுக்க ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுவார். போர்டு அதே போர்டு, வண்டி அதே வண்டி, ஃபீஸும் அதே ஃபீஸ். மாஸ்டரின் கால் இருந்த இடம்தான் வேறு.

ஸ்கூல் வண்டியில் இடது சீட்டுப் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். டபுள் கன்ட்ரோல் என்பார்கள். மோட்டார் சைக்கிள் தவிர மற்றப் பயிற்சி வண்டிகளுக்கு இது கட்டாயம். பெரும்பாலும் கம்பியோ கேபிளோ போட்டு உங்கள் பெடலோடு இணைத்திருப்பார்கள். அவர் மிதித்தால் உங்கள் பெடலும் சேர்ந்து இறங்கும். ஆகவே உங்கள் கால் அழுத்தாமலே பெடல் கீழே போகிறதென்றால் வண்டியை ஓட்டுவது நீங்கள் அல்ல. இதை முதல் நாளே கவனிக்கப் பழகிக்கொண்டால் மாஸ்டரை எடைபோட வேறு கருவியே தேவையில்லை.

சில மாஸ்டர்கள் வண்டி ஆஃப் ஆகவே விடமாட்டார்கள். நீங்கள் கிளட்சைச் சட்டென்று விட்டாலும் அடியில் அவர் கால் தாங்கிக்கொண்டிருக்கும். வண்டி குலுங்காமல் கிளம்பிவிடும். "நல்லா எடுக்கிறீங்களே!" என்பார். உங்களுக்கும் சந்தோஷம். ஆனால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை உங்கள் இடது கால் ஒருமுறைகூட உணர்ந்திருக்காது. ஒரு மாதம் கழித்துச் சொந்த வண்டியில் உட்கார்ந்தால் வாசலிலேயே நாலு தடவை ஆஃப் ஆகும். எதிர்வீட்டு ஆச்சி வேறு திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அன்றோடு சாவி ஆணியில் தொங்கிவிடும்.

நல்ல மாஸ்டர் முதல் நாள் வண்டியை ஆஃப் ஆக விடுவார். சமதளத்தில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், முதல் கியரில் கிளட்சை மட்டும் நூல் நூலாக விடச் சொல்வார். இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும், பானெட் ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும், வண்டி நகரத் தொடங்கும். அங்கேயே காலை நிறுத்தி ஐந்து வினாடி அப்படியே பிடிக்க வேண்டும். பிறகு முழுக்க மிதித்து, பிரேக் போட்டு நிற்க வேண்டும். இதையே இருபது, முப்பது தடவை செய்தால் முதல் பாடம் முடிந்தது. பார்ப்பவருக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் இந்த ஹாஃப் கிளட்ச் கைவந்தவருக்கு டிராஃபிக்கும் ரிவர்ஸும் மேடும் பிறகு தன்னால் வரும்.

சேர்வதற்கு முன்னால் ஆபீசுக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள். போனில் பேசி ஜிபேயில் அட்வான்ஸ் போடுகிற வேலை வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்கிறபடி ஸ்கூலின் அசல் உரிமம் (படிவம் 11) ஆபீசில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர்களின் பெயரும் முகவரியும் அங்கேயே இருக்க வேண்டும். உரிமம் 5 வருஷத்துக்குத்தான் செல்லும் என்பதால் தேதியையும் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், 5 வருஷமாவது ஓட்டிய அனுபவம் வேண்டும், மோட்டார் மெக்கானிக் படிப்புக்கான சான்றும் வேண்டும் என்பது விதி. பெயர்ப்பலகையில் இருப்பவர் ஒருவர், காலை ஆறு மணிக்கு வண்டியோடு வருபவர் இன்னொருவர் என்றால், வருகிறவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடம் பொதுவாக நல்ல இடம்.

இன்னொரு விதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொந்த உபயோகக் கார் மாதிரியான வண்டிகளுக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் வண்டி ஓட்டுகிற நேரம் மட்டும் 10 மணிக்குக் குறையக் கூடாது. 10 மணி என்றால் 600 நிமிஷம். 21 நாளுக்குப் பங்கு வைத்தால் நாளுக்கு 29 நிமிஷம் வரும். அந்த 29 நிமிஷமும் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்க வேண்டும். "தினம் அரை மணி நேரம்ங்க" என்று ஸ்கூலில் சொல்வதற்கும் இதற்கும் கணக்கு சரியாகத்தான் தெரியும். நடைமுறையில் ஒரே வண்டியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஒருவரை இறக்கி ஒருவரை உட்கார வைத்து, நடுவில் கழனிவாசலில் ஒரு டீயும் குடித்தால் ஆளுக்குக் கால் மணி நேரம் தேறும். 21 நாளில் 315 நிமிஷம், ஐந்தேகால் மணி. விதி சொல்வதில் பாதியை ஒட்டித்தான் கிடைத்திருக்கிறது.

பின்சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பைப் பார்ப்பதும் பாடம்தான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதைப் பத்து மணியோடு சேர்க்கக் கூடாது. ஒவ்வொருவரும் தினம் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று எழுதிவைக்கப் படிவம் 15 என்றொரு பதிவேடு இருக்கிறது. அதில் உங்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. "என் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்கண்ணே" என்று வாரம் ஒருமுறை கேளுங்கள். கடைசி நாளில் மொத்தமாக இருபத்தொரு கையெழுத்து வாங்குகிற இடமும் உண்டு. அங்கே பேனாவைக் கீழே வையுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சின்ன நோட்டும் இருக்கட்டும். சீட்டில் ஏறும்போது ஓடோமீட்டரில் கிலோமீட்டரும் மணியும், இறங்கும்போது மறுபடியும். சண்டை போட வேண்டியதே இல்லை, நோட்டைப் பார்த்தாலே மாஸ்டர் நேரம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

ஃபீஸைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. மொத்தமாகச் சொல்கிற தொகையைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். மத்திய விதியில் 2016 டிசம்பரில் திருத்திய கட்டணப்படி எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200. ஆகக் காருக்கு மட்டும் 700. இதற்கு மேல் மாநிலத்தின் சேவைக் கட்டணம் சேரும். மீதியெல்லாம் பயிற்சிக்கும் அவர்கள் உழைப்புக்கும். வாங்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் "ஆபீஸ் செலவு" என்று பெயரில்லாத ஒரு பெரிய தொகை நிற்கிறதென்றால் அது ஓட்டச் சொல்லிக்கொடுக்காமல் பாஸ் போட வைக்கிற செலவு. அந்த ஸ்கூலில் மாஸ்டர் எவ்வளவு நல்லவரானாலும், நீங்கள் பழகவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

இப்போது மாஸ்டரைப் பார்ப்போம். பணம் கட்டும் முன் ஒரே ஒரு நாள் வேறொருவர் பழகும்போது பின்சீட்டில் உட்கார அனுமதி கேளுங்கள். அரை மணி நேரம் போதும். நாலு விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

முதலில், ஏறியதும் என்ன செய்கிறார். "ஸ்டார்ட் பண்ணு, ஃபர்ஸ்ட் போடு" என்று தொடங்குகிறவர் அவசரக்காரர். சீட்டைச் சரிசெய்யச் சொல்கிறவர் நின்று ஆடுகிறவர். கிளட்சைத் தரைவரை மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்; முதுகு சாய்ந்தபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். உள்கண்ணாடியில் பின்பக்கக் கண்ணாடி முழுசாகத் தெரிய வேண்டும். வெளிக்கண்ணாடியின் ஓரத்தில் நம் வண்டியின் உடம்பு ஒரு கீற்று தெரிந்தால் போதும். உயரம் குறைந்த பெண்கள் நுனிசீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதைப் பார்க்கிறோமே, அவர்களுக்கு முதல் நாள் யாரும் சீட்டின் கீழே கைவிட்டுச் சீட்டை முன்னே நகர்த்துகிற லீவரைக் காட்டவில்லை என்று அர்த்தம். முதுகுக்கு ஒரு திண்டு வைத்தால் தீர்கிற விஷயம்.

இரண்டாவது, மாஸ்டரின் வலது கை. பல பேர் அதை ஸ்டீயரிங்கின் இடது அடியில் ஒட்டியே வைத்திருப்பார்கள். பழகுகிறவர் திருப்புகிறார், இவர் திருத்துகிறார். வண்டி நேராகப் போகிறது. ஆளுக்குப் பாதி ஓட்டினால் ஆளுக்குப் பாதிதான் வரும், அவருக்கு ஏற்கெனவே முழுசும் தெரியும். முதல் இரண்டு மூன்று நாள் கை பக்கத்தில் இருக்கட்டும். ஐந்தாம் நாளும் ஒட்டியிருந்தால், "மாஸ்டர், இந்த ஒரு கிலோமீட்டருக்குக் கைய மடியில வச்சுக்கங்க" என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே எடுக்கிறவரை நம்பலாம்.

மூன்றாவது, சொல்கிற நேரம். 30 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறது. "திரும்பு, திரும்பு!" என்று முக்கில் வந்து கத்தினால், காதில் விழுந்து கை அசைவதற்குள் முக்கு தாண்டிவிடும், பதற்றத்தில் ஒடிப்பார்கள், அல்லது பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். "அந்த டிரான்ஸ்பார்மர் தாண்டி வலது பக்கம் போறோம். கண்ணாடி பாருங்க. இண்டிகேட்டர். ரெண்டாவது கியர்" என்று ஐம்பது மீட்டருக்கு முன்பே ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கிறவரிடம் எவ்வளவு மந்தமானவரும் பழகிவிடுவார். இரண்டாம் வாரத்தில் அவரே பேச்சைக் குறைத்து, "இப்ப என்ன பார்த்தீங்க?" என்று கேட்க ஆரம்பித்தால் அவரை விடாதீர்கள்.

நாலாவது, போன். அடுத்த பேட்ச் ஆளுக்கு ஃபோன் போட்டு "எங்க நிக்கிறீங்க" என்று கேட்டபடியே ஒரு மணி நேரத்தை ஓட்டுகிறவர்கள் உண்டு. கோபக்காரரையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவர் ரோட்டைப் பார்க்கிறார். போனைப் பார்க்கிறவரை எதற்காகவும் பொறுக்கக் கூடாது.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்கூல் வண்டியின் கிளட்ச் நூறு பேர் காலில் தேய்ந்தது. பெடல் மேலே வந்த பிறகுதான் பிடிக்கும். புது வண்டியில் இன்னும் கீழேயே பிடிக்கும். பழைய டீசல் வண்டியில் பழகினால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமலே கிளம்பிவிடும்; வீட்டில் நிற்பது சின்னப் பெட்ரோல் வண்டி என்றால் அதே பழக்கத்தில் விட்டதும் ஆஃப் ஆகும். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய மாருதியில் கை பழகியவர்கள் புது வண்டியில் தேவைக்கு மேல் ஒடிப்பார்கள். மாருதியில் ரிவர்ஸ் வலது கீழே. ஹூண்டாய் ஐ10 மாதிரி வண்டிகளில் வளையத்தை மேலே தூக்கி இடது மேலே போட வேண்டும், அதாவது முதல் கியருக்குப் பக்கத்தில். ஆகவே உங்கள் வீட்டில் எந்த வண்டி, எந்த எரிபொருள் என்று முதலிலேயே சொல்லி, அதற்கு நெருக்கமான வண்டி இருக்கிற ஸ்கூலைத் தேடுங்கள். அப்படி இல்லையென்றால் கடைசி ஐந்து வகுப்பை உங்கள் வண்டியிலேயே எடுக்க மாஸ்டர் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டு வையுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்பார், கொடுக்கலாம்.

வீட்டில் ஆட்டோமேட்டிக் வண்டிதான், கியர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். காருக்கான லைசென்ஸில் கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் என்ற பிரிவு கிடையாது. எதில் தேறினாலும் இரண்டையும் ஓட்டலாம். அதனாலேயே கியர் வண்டியில் பழகிவிடுவது நல்லது என்பது எங்கள் கட்சி. ஆனால் அறுபதை நெருங்கியவர்களுக்கு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தப் பிடிவாதம் வேண்டாம். செட்டிநாட்டில் இது சின்ன விஷயமில்லை. பெரிய வீடு, இரண்டே பேர், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு டிரைவரைத் தேடி அலுத்துப்போய், ஐம்பத்தைந்து வயதில் ஆச்சி பழக வருகிறார். அவருக்கு இருபது வயதுப் பையனுக்குச் சொல்கிற வேகத்தில் சொன்னால் நடக்காது. ஒரு நாளுக்கு ஒரே புது விஷயம், நேற்றையதைத் திரும்பச் செய்த பிறகே இன்றையது, நாற்பது நாள் ஆனாலும் பரவாயில்லை என்கிற மாஸ்டர் வேண்டும். "ஆச்சி, உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று முதல் நாளே கேட்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். 40 வயது தாண்டியவர்களுக்கு டாக்டரிடம் வாங்கும் படிவம் 1ஏ சான்றும் தேவைப்படும். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தால் அதையும் அப்போதே முடித்துவிடலாம்.

பெண்கள் பல பேர் வெளியே சொல்லத் தயங்குகிற விஷயம் ஒன்று. கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்கும்போது மேலே கையை வைத்துப் பிடித்துத்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி ஒன்றிலிருந்து ஐந்துவரை நூறு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னால் கை தானாகப் பழகும். இடது கையின் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வாயால் சொன்னாலே போதும்: ஒன்று, இரண்டுக்குத் தள்ளுகிற மாதிரி, மூன்று, நாலுக்கு நேராக, ஐந்துக்குத் தன் பக்கம் இழுக்கிற மாதிரி. பிடித்துத்தான் சொல்லிக்கொடுப்பேன் என்கிறவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது வேறு ஏதோ தெரிந்திருக்கிறது. அன்றே மாஸ்டரை மாற்றக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பெண் மாஸ்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காத ஊரில் இரண்டு பெண்களாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் பேட்ச் எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

எங்கே ஓட்டவைக்கிறார் என்பதைப் பார்த்தாலே மாஸ்டரின் தரம் தெரிந்துவிடும். சோம்பேறி மாஸ்டர் இருபத்தொரு நாளும் அதே நூறடி ரோட்டில் போய் அதே இடத்தில் திரும்பி வருவார். மாணவர் பாதையை மனப்பாடம் செய்துவிடுவார், ஓட்டக் கற்றிருக்கமாட்டார். நம் பக்கத்துச் சாலைகளுக்கென்று சில குணங்கள் உண்டு, அவை ஒவ்வொன்றையும் மாஸ்டரோடு ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் தெருக்கள் நேர்கோட்டில் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். நாற்சந்தியில் நான்கு பக்கமும் உயர்ந்த சுவர். குறுக்கே வருகிற டூவீலர் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும். நேராக இருக்கிறதே என்று மூன்றாவது கியரில் போய்விடுவார்கள், தப்பு அங்கேதான் நடக்கிறது. முக்குக்கு முன்னால் முழுக்க நின்று, ஒரு ஹாரன், பிறகு முதல் கியரில் ஹாஃப் கிளட்சில் பானெட்டை மட்டும் ஒரு முழம் நீட்டி, வலது, இடது, மறுபடி வலது பார்த்துப் போக வேண்டும். இந்தத் தெருக்கள் இதைப் பழகவே கட்டிவைத்த மாதிரி இருக்கும். காலை ஆறரைக்கு அங்கே கூட்டிப் போகிற மாஸ்டர் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர்.

அடுத்தது செம்மண் ஓரம். தார் ரோட்டுக்கும் ஓரத்து மண்ணுக்கும் பல இடத்தில் நாலு விரற்கடை, ஆறு விரற்கடை பள்ளம். எதிரே பஸ் வந்ததும் பயந்து இடது பக்கம் இறக்குவார்கள். இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கியதும் பதறி வலது பக்கம் வெட்டி இழுப்பார்கள். டயர் விளிம்பில் உரசிக்கொண்டே வந்து திடீரென்று ஏறும், வண்டி எதிர்ப்பக்கம் பாயும். இறங்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் நடை வேகத்துக்கு வந்த பிறகு, பின்னால் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி ஏற்ற வேண்டும். இதை வேண்டுமென்றே ஒருமுறை இறக்கிக் காட்டுகிற மாஸ்டர் உண்டு. வாயால் பத்துமுறை சொல்வதைவிட அது மேல்.

ஊருணிக்கரையில் ரிவர்ஸ் பழக்குகிற மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். பல ஊருணிகளுக்குத் தடுப்புச்சுவர் இல்லை, இருந்தாலும் முழங்கால் உயரம். ரிவர்ஸில் பதறுகிறவர் காலை மாற்றி மிதிப்பது சாதாரணம். அதே கரைக்கு ஏறுகிற சின்னச் சரிவு மட்டும் வேறு வேலைக்கு ஆகும். செட்டிநாடு தட்டை நிலம். மேட்டில் நிறுத்தி எடுத்துப் பழக ரயில்வே மேம்பாலம் அல்லது இப்படி ஒரு கரை ஏற்றம்தான் கிடைக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஹாஃப் கிளட்ச் பிடித்து, இன்ஜின் சத்தம் இறங்கி முன்பக்கம் லேசாக எழும்பிய பிறகு ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். பின்னால் ஒரு அங்குலம்கூடப் போகக் கூடாது. ஐந்து தடவை தொடர்ந்து சரியாக வந்தால் அந்தப் பாடம் முடிந்தது.

காலையில் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு இரவு வேறு உலகம். எதிர் வண்டியின் ஹை பீமில் கண் கூசி, ஓரத்தில் நடக்கிறவர் தெரியாமல் போவார். தை மாதத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடிப் பக்கம் விடியலிலும் இருட்டிலும் வரிசையாக நடப்பார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் அந்தப் பக்கச் சாலையே வேறு மாதிரி இருக்கும். பிள்ளையார்பட்டிக்குச் சதுர்த்தி அன்று போகிற வண்டிகளைச் சொல்லவே வேண்டாம். பழகுகிறவரை அந்த நாட்களில் அங்கே கூட்டிப்போகச் சொல்லவில்லை. ஆனால் சாதாரண நாளில் இருட்டிய பிறகு இரண்டு வகுப்பு, மழை பெய்யும்போது ஒரு வகுப்பு, சாயங்காலம் செக்காலை ரோட்டிலும் கல்லுக்கட்டிப் பக்கமும் கூட்டத்தில் ஊர்ந்து ஒரு வகுப்பு என்று சேரும்போதே பேசிவையுங்கள். "அதெல்லாம் லைசென்ஸ் வாங்கினப்புறம் நீங்களே பழகிக்குவீங்க" என்று பதில் வந்தால் அந்த வகுப்புகளுக்குப் பக்கத்தில் யார் உட்காரப்போகிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மணிவிழாவுக்கோ சாந்திக்கோ மூன்று வார லீவில் வந்து, "அதுக்குள்ள லைசென்ஸ் எடுத்துத் தந்துருங்க" என்று கேட்கிறவர்கள் நிறைய. எல்.எல்.ஆர். கையில் வந்து 30 நாள் ஆகாமல் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியாது, எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். ஆகவே மூன்று வாரத்தில் முடித்துத்தருகிறேன் என்று யாராவது சொன்னால் விதியை மீறப்போகிறார் அல்லது பொய் சொல்கிறார். ஒரு லீவில் எல்.எல்.ஆரும் பயிற்சியும், ஆறு மாதத்துக்குள் வருகிற அடுத்த லீவில் தேர்வு என்று பிரித்துக்கொண்டால் தலைவலி இல்லை.

இதே மாதிரி, "எங்ககிட்ட படிச்சா டெஸ்டே கிடையாது" என்கிற பேச்சும் அடிபடுகிறது. 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் தேறியவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த மையத்துக்கு ஒரு ஏக்கர் இடம் வேண்டும், காருக்கு நாலு வாரத்தில் 29 மணி நேரப் பாடம் நடத்த வேண்டும். கடைத்தெருவில் ஒரு மேஜையும் ஒரு வண்டியும் வைத்திருக்கிற ஸ்கூல், பயிற்சி முடிந்ததும் தருகிற படிவம் 5 சான்று அதற்கு ஈடாகாது. தேர்வில் தவறினால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எந்த வண்டியில் தேர்வு என்பதை முன்பே கேளுங்கள். பழகிய வண்டியே வருகிறதா, அன்றைக்கு வேறு ஸ்கூல் வண்டியை இரவல் வாங்கி ஏற்றிவிடுவார்களா என்பது பாஸ், ஃபெயிலைத் தீர்மானிக்கிற விஷயம்.

வீட்டு வண்டியில் அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து பழக்குவதாக இருந்தாலும் விதி அதேதான். லைசென்ஸ் உள்ளவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் இருக்க வேண்டும், அதாவது முன்சீட்டில், ஹேண்ட் பிரேக் எட்டுகிற தூரத்தில். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் வேண்டும். பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல், எழுத்து 10 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல். ஏ4 தாளில் கறுப்பு மையில் பிரிண்ட் எடுத்து ஒட்டுவது கணக்கில் வராது. வீட்டு வண்டியில் இடது பக்கம் பிரேக் இல்லை என்பதால், ஸ்கூலில் பாதி வகுப்பு முடியும் முன்னால் இதைத் தொடங்க வேண்டாம்.

நடுவில் மாஸ்டர் சரியில்லை என்று தெரிந்தால் பலரும் "பணம் கட்டியாச்சே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கிறார்கள். ஸ்கூலை விட வேண்டாம், முதலில் மாஸ்டரை மாற்றக் கேளுங்கள். முதலாளிக்கு இது புதிதில்லை. அதற்கு வசதியாக முதலிலேயே மொத்தப் பணத்தையும் கட்டாமல் மூன்று தவணையாகப் பேசிக்கொள்ளலாம்: சேரும்போது ஒன்று, பத்தாம் நாள் ஒன்று, படிவம் 15-இல் பத்து மணி நிறைந்த பிறகு மீதி.

மீதியைக் கொடுக்கும் நாளில் ஒரு ஓட்டம் கேளுங்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய், அங்கே ரிவர்ஸில் ஒரு இடத்தில் நிறுத்தி, எடுத்துத் திரும்பி வர வேண்டும். மாஸ்டர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி இரண்டு காலையும் பெடலிலிருந்து எட்ட வைத்துக்கொள்ள வேண்டும், கை மடியில். ஆபத்து வந்தால் ஒழிய வாயும் திறக்கக் கூடாது. போய்வந்ததும் எத்தனை இடத்தில் அவர் கால் தன்னையறியாமல் பிரேக்கைத் தேடியது என்று கேளுங்கள். இரண்டுக்கு மேல் சொன்னால் இன்னும் மூன்று வகுப்புக்குப் பேசிவிட்டு வாருங்கள், அந்த இரண்டு மூன்று இடத்திலேயே.